மூன்று கார்டு குறைந்த கட்டு

போன வாரம் உங்களில் ஒருவர் தான் எழுதிய புரோகிராமை எனக்குக் காட்டினார். நல்ல வேலை. நடுவில் பத்து வரி மட்டும் வேறு யாரோ எழுதியது போலத் தெரிந்தது. கொடுத்த தேதி சரியானதா என்று பார்க்கும் பத்து வரி. "இதை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"தெரியல சார். எல்லாரும் இதைத்தான் போடுறாங்க. நல்லா வேலை செய்யுது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் "எல்லாரும் போடுறாங்க" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பயம் வரும். ஏன் என்று அன்று சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது.

நான் படித்தவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ராணிப்பேட்டையில் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். லாரியில் கிளீனராகப் போனேன், குண்டக்கல்லில் ரயில்வே கேன்டீனில் தட்டு கழுவினேன், மைசூரில் ஒரு பட்டறையில் இருந்தேன், ஒரு மழைக்காலத்தில் பெங்களூரில் இறங்கினேன். சிவாஜி நகரில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டைக் காலையில் பெருக்கித் துடைத்தால் கூலிக்குப் பதிலாக அரை மணி நேரம் டைப் அடிக்க விடுவார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட விரல்தான் என்னைக் காப்பாற்றியது. அறுபதுகளின் நடுவில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அட்டைக் கார்டில் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். மனுவில் பத்தாவது பாஸ் என்று எழுதினேன். சர்டிபிகேட்டைப் பிறகு தருகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை. தற்காலிக வேலை என்பதால் கேட்க மறந்திருப்பார்கள். கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்குள் நுழைந்தேன்.

துளை போட்டுப் போட்டே மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கக் கற்றேன். ஒரு வருடத்தில் நானே எழுதினேன்.

அப்போது ஒரு வரிக்கு ஒரு கார்டு. ஒரு முழு வேலை, அதாவது ஒரு புரோகிராம், என்றால் முந்நூறு, நானூறு கார்டு. அதில் திரும்பத் திரும்ப வரும் சின்ன வேலைகள் உண்டு. எண்களை வரிசைப்படுத்துவது, வர்க்கமூலம் எடுப்பது, அட்டவணையில் இரண்டு வரிகளுக்கு நடுவே விழும் மதிப்பைக் கண்டுபிடிப்பது. இவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவது வீண் என்று, ஒருவர் எழுதியதைச் சின்னக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு ஓர் இரும்பு டிராயரில் வைப்போம். வேண்டியவர் நகல் எடுத்துத் தன் கார்டுகளுக்கு நடுவே செருகிக்கொள்வார். கட்டு என்று இங்கே எழுதுகிறேன். அன்று நாங்கள் சொன்னது டெக். நீங்கள் இன்று அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்து ஒட்டுகிறீர்களே, அதன் தாத்தா அந்த டிராயர்தான்.

டிராயருக்குப் பொறுப்பு ஸ்டெல்லா மிஸ். ரிச்மண்ட் டவுன் பக்கம், சர்ச்சுக்குப் பின்னால் வீடு. என் வயதுதான். நறுக்கென்று பேசுவார். ஒரு கட்டு சரிபார்க்கப்பட்டு டிராயருக்குள் போகும்போது, கார்டுகளை ஒழுங்காக அடுக்கி, மேல் ஓரத்தில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சிவப்பு மையால் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் அந்தக் கோட்டின் ஒரு புள்ளி மட்டும் விழும். கட்டு கீழே விழுந்து கலைந்தால் புள்ளிகளைப் பார்த்து அடுக்கிவிடலாம். ஒரு கார்டு இடம் மாறினால் கோடு பல்லிளிக்கும். கார்டு காணாமல் போனால் அந்த இடத்தில் கோடு ஒரு சின்னப் படி தாண்டும். எங்கள் தொழிலில் அதைவிட நல்ல பாதுகாப்பு அன்று இல்லை.

டிராயரில் அதிகம் ஓடியது அட்டவணைக் கட்டு. இருபத்திரண்டு கார்டு. அதை எழுதியவர் எங்கள் மெஷின் அறையின் பொறுப்பாளர். அவர் பெயரை எழுத மாட்டேன், தன் பெயர் எதிலும் வருவதை அவர் விரும்பியதில்லை. சார் என்றே சொல்கிறேன். இருபத்திரண்டில் மூன்று கார்டு கணக்கே போடாது. கொடுத்த எண் அட்டவணையின் கடைசி வரியைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கும். தாண்டினால் மெஷினை நிறுத்தி, அட்டவணை போதவில்லை என்று அச்சடிக்கும். கட்டின் மேல் ஒட்டிய சீட்டிலேயே எழுதியிருந்தார்: 'அட்டவணை மீறினால் நிற்கும்.'

ஒருமுறை அவரிடம், "எதுக்கு சார் இதெல்லாம், நின்னு நின்னு பிராணனை வாங்குது" என்றேன்.

"நின்னா திட்டுவே, அவ்வளவுதான்" என்றார். "நிக்காம ஒரு நம்பரைக் கொடுத்துச்சுன்னா நம்பிடுவே. எனக்கு அதுதாம்ப்பா பயம்."

தலையாட்டினேன். புரிந்ததாக நினைத்தேன்.

ஒரு மழை நாள். காற்றின் வேகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒருவர், மாலைக்குள் அறிக்கை தர வேண்டிய அவசரத்தில் வந்தார். அவருடைய எண்கள் அட்டவணையைக் கொஞ்சம் தாண்டின. மெஷின் நின்றது. மறுபடி ஏற்றினோம். மறுபடி நின்றது. "என் கணக்குக்குக் கடைசி வரி மதிப்பே போதும்ப்பா, அதையே வச்சுக்கிட்டு ஓடச் சொல்லு" என்றார். அவர் கணக்குக்கு அது சரிதான். சார் அன்று லீவு. அவருக்காக நகல் எடுத்து மாற்ற நேரமில்லை. டிராயரில் இருந்த மூலக் கட்டையே எடுத்து, அந்த மூன்று கார்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டேன். தாண்டிய எண்ணுக்கெல்லாம் கடைசி வரி மதிப்பையே எடுத்துக்கொண்டு வேலை ஓடியது. அவர் என் தோளைத் தட்டினார். கட்டை டிராயரில் வைத்தேன். மூன்று கார்டையும் நாளைக்கு வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

நாளைக்கு வேறு வேலை வந்தது. சட்டை துவைக்கும்போது கார்டுகளை எடுத்து நான் தங்கியிருந்த அறையில் அலமாரி மேல் வைத்தேன். பிறகு மறந்தேன். இதில் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. மறந்தேன்.

இனி அந்தோணியைப் பற்றி. நீலசந்திராவில் நானும் அவனும் ஓர் அறையில் இருந்தோம். அவன் ஃபிட்டர். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே சொந்தமான சோதனைக் கொட்டகையில் வேலை. கொட்டகை எங்கள் கட்டடத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம், பழைய ராணுவ மைதானத்தைத் தாண்டி. எனக்கு ஆறு மணிக்கே மெஷின் அறையைத் திறக்கிற வேலை, அவனுக்கு ஒன்பது மணிக்கு. அதனால் விடியுமுன் அவன் சமைத்து வைத்துவிட்டு மறுபடி படுப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் டிபன் பையில் சீட்டு வைப்பான். எழுதக் காகிதம் தேட மாட்டான். நான் கொண்டுவந்து போட்ட வீண் கார்டுகளின் பின்பக்கம்தான் எங்கள் வீட்டுக் காகிதம்.

ஒரு ஆயுத பூஜைக்கு அவனை மெஷின் அறைக்குக் கூட்டிப் போனேன். அன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கதவில் மாவிலை, கார்டு படிக்கும் பெட்டிக்குக் குங்குமம். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பீரோவா? இது என்னா பண்ணும்?" என்றான். நான் பெருமையாக விளக்கினேன். கார்டைக் கொடுத்தால் படிக்கும், கணக்குப் போடும், அச்சடிக்கும். "ஒரு வேலை ஏத்தி இறக்க இருபது நிமிஷம். கையால போட்டா ஒரு மாசம் ஆகும்" என்றேன்.

"இருபது நிமிஷத்துல நான் சாம்பாரே வச்சிருவேன் போ" என்றான்.

அடுத்த வருடம், ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி இடைவேளை. உப்புமா சாப்பிட டிபன் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு கார்டு. பின்பக்கம் அவன் கொட்டை எழுத்து:

'இன்னிக்கு காத்து டாங்குக்கு ஹாட் டெஸ்ட். 450 வரிக்கும் ஏத்தறாங்க. வர லேட் ஆவும். சாவி பாய் கடைல.'

படித்துவிட்டுக் கையில் பிடித்தபடியே சாப்பிட ஆரம்பித்தேன். கார்டைத் திருப்பினேன். மேல் ஓரத்தில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளி.

வீண் கார்டுக்கு யாரும் சிவப்புக் கோடு போடுவதில்லை.

கார்டின் தலையில் அச்சாகியிருந்த வரியைப் படித்தேன். நான் உருவிய மூன்றில் ஒன்று. உப்புமாவை மூடி வைத்தேன்.

அவன் டாங்கு என்று எழுதிய அந்தக் கலத்தை எனக்குத் தெரியும். சூடான காற்றை அழுத்தி அடைத்து வைக்கும் எஃகுக் கலம், ஒரு சின்ன அறை அளவு. சூடு ஏற ஏற எஃகின் பலம் குறையும். எந்தச் சூட்டில் எவ்வளவு பலம் என்று ஓர் அட்டவணை உண்டு. அதைத் துளை போட்டவனே நான்தான். கடைசி வரி நானூறு டிகிரி. அதற்கு மேல் அட்டவணையில் எதுவும் கிடையாது. அந்தோணி எழுதியிருப்பது நானூற்றைம்பது. இரண்டு வாரம் முன்பு குல்கர்னி என்ற இன்ஜினியர் இந்தக் கலம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற கணக்கை எங்கள் மெஷினில் ஓட்டிவிட்டுப் போனார். எங்கும் நிற்காமல் ஓடியது, நானூறு டிகிரியின் பலத்தையே நானூற்றைம்பதுக்கும் எடுத்திருக்கும். நான்தான் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன்.

டிராயரிடம் ஓடினேன். அட்டவணைக் கட்டை எடுத்தேன். மேல் ஓரத்தில் சிவப்புக் கோடு முழுசாக, வழுவழுவென்று, ஒரு படியும் தாண்டாமல் இருந்தது. ஒரு கணம் மூச்சு வந்தது. அப்படியானால் யாரோ திரும்ப வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"மிஸ், இந்த டெக்கை யாராவது தொட்டாங்களா?"

ஸ்டெல்லா மிஸ் துளை போடுவதை நிறுத்தாமலே சொன்னார். "நான்தான் தொட்டேன். பழசு ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு. நகல் மெஷின்ல போட்டுப் புதுசா அடிச்சு, லைன் போட்டு வச்சேன். நல்லா இருக்கில்ல?"

"பழசு எங்க?"

"குப்பைச் சாக்குக்குப் போயிடுச்சு. ஏன்?"

பழைய கட்டின் கோட்டில் மூன்று கார்டு அளவுக்கு ஓர் இடைவெளி இருந்திருக்கும். உற்றுப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும். நகல் மெஷின் துளைகளை மட்டும்தான் நகலெடுக்கும். கோட்டை எடுக்காது. பத்தொன்பது கார்டுக்குப் பத்தொன்பது கார்டு அடித்துக் கொடுத்தது. அதன் மேல் மிஸ் தன் அழகான கையால் புதுக் கோடு இழுத்தார். நான் வைத்த ஓட்டையின் ஒரே அடையாளமும் அதோடு போயிற்று. பழைய சீட்டையும் பத்திரமாக எடுத்து ஒட்டியிருந்தார். 'அட்டவணை மீறினால் நிற்கும்.'

எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.

மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். சொன்னேன். எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொன்னேன். அவருடைய கை தானாகச் சிலுவைக் குறி போட்டது.

"கொட்டகைக்குப் போன் பண்ணுங்க."

சாரின் மேசையில் போன் இருந்தது. சார் வேறு கட்டடத்தில் கூட்டத்தில் இருந்தார். ரிசீவர் மேல் கை வைத்தேன்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ரிசீவரைத் தூக்கவில்லை. என் மண்டைக்குள் என்ன ஓடியது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். குல்கர்னி வேறு அட்டவணை வைத்திருந்தால்? மிஸ் புது நகல் அடிப்பதற்கு முன்பே, நான் கார்டு உருவுவதற்கும் முன்பே அவர் ஒரு நல்ல நகல் எடுத்து வைத்திருந்தால்? இத்தனை பேர் மாதக்கணக்கில் தயார் செய்த சோதனையை, துளை போடும் ஒரு தற்காலிக ஆள் போன் போட்டு நிறுத்தச் சொல்கிறான். தப்பாக இருந்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் என் ஃபைலை எடுப்பார்கள். ஃபைலை எடுத்தால் பத்தாவது சர்டிபிகேட் எங்கே என்பார்கள். மறுபடி லாரி, மறுபடி கேன்டீன். எனக்கு அந்த வாழ்க்கை தெரியும் என்பதால்தான் அவ்வளவு பயம்.

"ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன் மிஸ். கையில ப்ரூஃப் இருந்தா..."

"தேவராஜ், அங்க ஆளுங்க நிக்கிறாங்க!"

"ஒரு நிமிஷம் மிஸ்."

அந்தோணி எழுதிய கார்டு கையில் இருந்தது. மற்ற இரண்டையும் நினைவிலிருந்து அடித்தேன். அவசரத்தில் பிழை விழுந்து ஒன்றை இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது. குல்கர்னியின் அட்டவணைக் கார்டுகளும் முழு வேலையும் மெஷின் அறை அலமாரியில் இருந்தன. அதில் செருகியிருந்த கட்டையும் எண்ணினேன். அதுவும் பத்தொன்பது. அப்போதே சந்தேகம் தீர்ந்துவிட்டது. அப்போதாவது போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அச்சடித்த தாள் வேண்டும் என்று ஒரு பிடிவாதம். மெஷினில் வேறொருவர் வேலை ஓடிக்கொண்டிருந்தது, அது முடியக் காத்திருந்தேன். பிறகு கார்டுகளை ஏற்றினேன். கார்டு படிக்கும் பெட்டி சடசடவென்று விழுங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். மிஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மெஷின் நின்றது. அச்சடித்தது. அட்டவணை போதவில்லை.

இப்போது போனைத் தூக்கினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிறகு தெரிந்தது, கொட்டகை ஆபீசில் ஒரு பியூன் பத்தரை மணி வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். சூடு நானூற்றைத் தாண்டியதும் அவசியமில்லாத எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். அவரும் போய்விட்டார். நான் போன் போட்டது பத்து முப்பத்தைந்துக்கு.

தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். மைதானத்தில் முந்தின நாள் மழைச் சேறு. சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். கொட்டகைப் பக்கமிருந்து சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். ஒரு பஸ் ஹாரன் அடித்ததற்கு என் கால் பெடலிலிருந்து நழுவியது.

கொட்டகை வாசலில் காவல்காரர் மறித்தார். "ஏய், எல்லிகே? ஒளகே யாரூ ஹோகபாரது!" யாரும் உள்ளே போகக்கூடாதாம். சைக்கிளை அவர் மேலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

உள்ளே மணல் மூட்டைச் சுவர். அதன் பின்னால் குல்கர்னியும் இன்னும் மூன்று பேரும் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கலம். கலத்தின் பக்கத்தில், ஓர் ஆள் தூரத்தில், அந்தோணி. காற்றைத் திறந்து விடும் வால்வின் கைப்பிடி அந்தப் பக்கம் இருந்தது. யாராவது ஒருவர் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். கழுத்தில் ஈரத் துண்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இன்னாடா தேவு, சாவி கெடைக்கலியா?" என்று கத்தினான்.

"நிறுத்துங்க சார்!" என்று குல்கர்னியிடம் கத்தினேன். "டேபிள் நானூறுல முடியுது! மெஷின் கடைசி வரியையே குடுத்திருக்கு! கார்டு இல்ல சார், மூணு கார்டு, நான்தான் எடுத்தேன்!"

சட்டைக்குள்ளிருந்து தாளை இழுத்து நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். அரை விநாடிகூட இருக்காது. திரும்பி, கன்னடத்தில் சூட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்தோணியைக் கூப்பிட்டார்: "ஹீட் ஆஃப் மாடி. அந்தோணி, ஏர் விடு. மெதுவா. மெதுவா, அவசரம் வேண்டாம்."

சட்டென்று திறந்தால் அந்த அதிர்ச்சியே கலத்தை உடைக்கலாம். எனவே கால் சுற்று திறப்பான், நிற்பான், குல்கர்னி மீட்டரைப் பார்த்துத் தலையசைப்பார், மறுபடி கால் சுற்று. காற்று வெளியேறும் சீறல் கொட்டகையை நிறைத்தது. அந்தோணி என்னைப் பார்க்கவில்லை, கைப்பிடியைப் பார்த்தான். அவன் மலர்ந்த முகம் போய்விட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவிடலாம், ஓடவில்லை. ஓடினால் கைப்பிடியைத் திருப்ப ஆள் இல்லை. மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். இந்த நிமிடங்களை எல்லாம் அவன் குறைந்த சூட்டில், குறைந்த அழுத்தத்தில் கழித்திருக்கலாம். நான் ரிசீவர் மேல் கை வைத்தபோது தூக்கியிருந்தால்.

மீட்டர் கீழே வந்தது. இன்னும் கீழே. கடைசியில் சீறல் பெருமூச்சு போல அடங்கியது. அந்தோணி கைப்பிடியிலிருந்து கையை எடுக்க முயன்றான். விரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஒருவர் போய் ஒவ்வொரு விரலாக நீவி விட்டார்.

மறுநாள் கலம் ஆறிய பிறகு அளந்தார்கள். வால்வுக்கு நேர் மேலே, வெல்டிங் ஓரமாக, எஃகு வெளிப்பக்கம் உப்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. விரலை ஓட்டினால் தெரியும். குல்கர்னி விரலை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். 

சார் என்னைக் கூப்பிட்டார். கார்டை எடுத்ததற்கு ஒரு மெமோ கொடுத்தார். ஃபைலைத் திறந்து அதில் மெமோ நகலை வைத்தார். வைக்கும்போது மேலிருந்த என் மனுவைப் படித்தார்.  மூடிவிட்டார். "இனிமே டிராயருக்குள்ள போற எந்த டெக்கா இருந்தாலும் கார்டு எத்தனைன்னு சீட்டுல எழுதணும். எடுக்கிறவன் எண்ணணும். மிஸ் கிட்ட சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான். சர்டிபிகேட்டைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, என்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஸ்டெல்லா மிஸ் நகல் எடுக்கும்போதெல்லாம் பழைய கோட்டைப் புதுக் கோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். மாதக்கணக்கில் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அவர் இழுத்த கோட்டை நான் பொய்யாக்கிவிட்டேன் என்பது அவர் கோபம். நியாயமான கோபம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்தப் பத்து வரியைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதைப் போட்டுத்தான் பிழைத்தேன். ஆனால் எதை எங்கே நிறுத்தும் என்று அது வாக்குக் கொடுத்திருக்கிறதோ, அங்கே கொண்டுபோய் அதை ஒருமுறை முட்டிப் பாருங்கள். நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் அவசரத்துக்கு எதையாவது உருவினால், உருவியது வெளியே தெரிகிற மாதிரி உருவுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். பலரிடம் வாயால் சொன்னபோது இதோடுதான் முடித்திருக்கிறேன். ஆனால் அந்த வியாழக்கிழமை மதியம் நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது.

கொட்டகைக்கு வெளியே ஒரு டீக்கடை. அந்தோணியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் டீயைச் சாசரில் ஊற்றிக் குடித்தான். "உப்புமாக்குள்ள வச்ச சீட்டு என் உசுரைக் காப்பாத்திடுச்சு பாரு" என்று சிரித்தான். நானும் சிரிக்க முயன்றேன். அப்போது என் சட்டையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தாளைப் பார்த்தான். வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

"அது இன்னா பேப்பரு?"

"மெஷின்ல அடிச்சது. டேபிள் போதலன்னு வந்துச்சு. குல்கர்னி சாருக்குக் காட்டலாம்னு."

"பாத்தாரா?"

"இல்ல."

சாசரைக் கீழே வைத்தான். தாளை என் சட்டையிலிருந்து மெல்ல எடுத்தான். அவனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனாலும் விரித்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தான்.

"என் சீட்டை எப்போ பாத்தே?"

"பத்து மணிக்கு. டிபன் டைம்ல."

"பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சா?"

"ம்."

தாளை நாலாக மடித்தான். என் பையிலேயே திரும்ப வைத்தான். டீக்காரர் மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்.

"ஒரு வேலை ஏத்தி இறக்க இருபது நிமிஷம் ஆவும்னு ஆயுத பூஜை அன்னிக்கு சொன்னே இல்ல?"

நான் எழுந்து டீக்குக் காசு கொடுத்தேன். அவன் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகும் ஏழு வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவன் சமைத்தான், நான் பாத்திரம் கழுவினேன். டிபன் பையில் சீட்டும் வைத்தான். பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதில் எழுதினான். அலமாரியில் கார்டு அடுக்கடுக்காகக் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை.